திரும்பி வரக் காரணம்

“நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் எதை வச்சு நம்பறது?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் உடனே வாயைத் திறக்கவில்லை. யோசித்துச் சொல்வது போலத் தெரிய வேண்டும் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு பர்மிட் தரும் அந்த அலுவலகத்தில் அவருக்குக் ‘கத்திரி’ என்று பெயர். எதிரில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேரை வெட்டி அனுப்பிவிடுவார்.

கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அதில் லிஃப்ட் மாட்டுவதும், மாட்டியதை இரண்டு வருடம் பார்த்துக்கொள்வதும் இவன் கம்பெனி எடுத்திருக்கும் கான்ட்ராக்ட். ஆள் இங்கிருந்து போக வேண்டும், வேலை முடிந்ததும் வந்துவிட வேண்டும். குடும்பத்தைக் கூட்டிப் போகக் கூடாது. அங்கேயே ஒட்டிக்கொள்வான் என்று லேசாகச் சந்தேகம் தட்டினாலும் பர்மிட் கிடையாது. இன்றைக்குக் கோட்டை விட்டால் இவனுக்குப் பதிலாக இன்னொரு மெக்கானிக் விமானம் ஏறுவான். மேனேஜர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“என் வீட்டுக்காரி இங்க இருக்கா மேடம்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன தடவை ஒருத்தர் மனைவி, மாமியார், நாய்க்குட்டின்னு வரிசையா போட்டோ காட்டினார். இப்ப ஆளையே காணோம்.”

“மாமியார் போட்டோவைக் காட்டினப்பவே நீங்க சந்தேகப்பட்டிருக்கணும் மேடம்.”

கத்திரி சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அதுவே பெரிய விஷயம்.

அவன் மனசைத் திறந்து கொட்டினான். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, “இவருக்குப் பேச வருமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் அவள். வேலை முடிந்து இவன் வரத் தாமதமானால் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். வந்ததும் அதற்காக ஒரு சண்டையும் போடுவாள். ஒரு தடவை வெளியூர் வேலைக்குப் போனவன், நாலு நாளில் முடிக்க வேண்டியதை ராத்திரி பகலாக வேலை செய்து இரண்டு நாளில் முடித்துவிட்டு ஓடி வந்தான். லிஃப்ட்டைவிட வேகமாக இறங்கிவிட்டாயே என்று கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள்.

“அவளை விட்டுட்டு என்னால இருக்க முடியாது மேடம்” என்றான்.

கத்திரி கண்களைச் சுருக்கினார். “அப்போ நைசா அவங்களையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு திட்டமா?”

“நான் அவளைக் கூட்டிட்டுப் போகல மேடம். சத்தியமா.”

அந்த அலுவலகத்தில் கடைசியாக ஒரு சோதனை உண்டு. திடுதிப்பென்று வீட்டுக்குப் போன் போடச் சொல்வார்கள், அதுவும் ஸ்பீக்கரில். வெட்டுப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கவிழ்வது அங்கேதான். ஒருத்தருடைய மனைவி எடுத்ததுமே, “நான் பெட்டி கட்டிட்டேன், எனக்கு எப்ப டிக்கெட்?” என்று கேட்டு வைத்தாளாம்.

“போடுங்க” என்றார் கத்திரி.

மணி வெகு நேரம் அடித்தது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“என்னங்க? நான் இங்க வரிசையில நிக்கிறேன். சட்டுனு சொல்லுங்க.”

கத்திரி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் அங்க இருக்கப் போறார். நீங்க அவரோட போக முடியாது. தெரியும்ல?”

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“தெரியும் மேடம். என்ன பண்றது, பொழப்புன்னு ஒண்ணு இருக்கே. போயிட்டு வரட்டும்.”

“திரும்பி வரலைன்னா?”

“வராம இருந்துடுவாரா? எங்க இருந்தாலும் நேர்ல போய்க் காதைத் திருகி இழுத்துட்டு வந்துட மாட்டேன்?”

கத்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், அதே சிரிப்போடு முத்திரையைக் குத்தினார். பாவம் அந்தப் பொண்ணு, தினமும் போன் பண்ணிப் பேசணும், அங்கே போனதும் மறந்துவிடக் கூடாது என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

வாசலில் இருந்த வாட்ச்மேன் அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். கத்திரியிடமிருந்து முழுசாக வந்துவிட்டாயே என்று தட்டிக்கொடுத்தார். வண்டி எதுவும் பிடித்துத் தரட்டுமா என்றும் கேட்டார்.

“இல்லண்ணே. ஒரு போன் வரணும். வந்ததும் கிளம்பிடுவேன்.”

சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து, காம்பவுண்டுச் சுவர் மூலைக்குப் போய் நின்றான். ஒரு தடவை இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். சிறிது நேரத்தில் போன் அடித்தது. மனைவியின் நம்பர்தான், ஆனால் பேசியது ஓர் ஆண் குரல்.

“பர்மிட் ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க மனைவி வேலை பார்க்கிற ஸ்கேன் மெஷின் கம்பெனி, கடல் தாண்டிப் புதுசா கட்டுற பெரிய ஆஸ்பத்திரிக்கு அவங்களை ரெண்டு வருஷம் அனுப்புது. நீங்க அவங்களோட போக முடியாது. தெரியும்ல?”

லிஃப்ட் மெக்கானிக் பர்மிட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினான்.

“தெரியும் சார். அவ போயிட்டு வரட்டும். நான் எங்க சார் போகப்போறேன், இங்கயேதான் இருப்பேன்.”