அன்வர் உயரம்

திருத்தங்கலில் அச்சகம் நடத்திய அப்துல் ஹக்கீமுக்கு 2007-இல் ஒரு விமான நிலையத்திலிருந்து ஆர்டர் வந்தது. வெள்ளம் எத்தனை அடி ஏறுகிறது என்று பார்க்க, சுவரில் ஒட்டும் ஆறடி ஸ்டிக்கர்கள். அங்கே பெட்டி ஏற்றும் வேலையிலிருந்த அவர் மகன் அன்வர், இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர் வெள்ளத்தில்தான் மௌத்தாகியிருந்தான்.

அச்சான ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஐந்தடி ஏழங்குலத்தில் ஒரு நீலக்கோடு விழுந்தது. டிசைனில் அப்படியொரு கோடே இல்லை. மெஷினைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் விழுந்தது.

மனைவி சம்சாத் ஒன்றைச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம அன்வரு உசரம்லங்க."

ஹக்கீம் விமான நிலைய அதிகாரிக்கு போன் போட்டார். "தண்ணி இறைக்கிற மோட்டாரையெல்லாம் நீலக்கோட்டுக்கு மேல வைங்க சார். தண்ணி ஏற ஆரம்பிச்சா ஆளுகளையும் சீக்கிரமா வெளிய அனுப்பிருங்க."

அவர் திரும்பியபோது சம்சாத், சுவர் ஸ்டிக்கரில் அன்வரின் தோள் இருக்கும் உயரத்தில் தலை சாய்த்து நின்றிருந்தாள். அந்தப் பக்கத்து முக்காடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.