தினம் ஒரு ரொட்டி

"ரொட்டிமேல ஆணையாச் சொல்றேன், நான் அதைத் தொடவே இல்ல," என்றார் ஷோத்மோன்.

அவர் சொன்னது உண்மை. பக்கத்து வீட்டுக்காரனான நான் அப்போது அவர் வீட்டு முற்றத்தில் பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இனி வரும் ஒவ்வொரு சொல்லும் நிஜம் என்று, சுவரில் தொங்கிய அந்த ரொட்டிமேலேயே நானும் சத்தியம் செய்கிறேன்.

மகன் ஜவ்லோன் கட்டட வேலைக்கு ரஷ்யாவின் கசான் நகருக்குக் கிளம்பியபோது, வழக்கப்படி ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துப்போன ரொட்டி அது. மிச்சத்தை அவன் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். அதுவரை வேறு யார் வாயும் அதில் படக்கூடாது.

அவன் போனதிலிருந்து அம்மா ஹோசியத்துக்குத் தூக்கமில்லை. தினம் ஒரு படம் வரைந்து, கீழே ஒரு வரி எழுதினால் பதற்றம் குறையும் என்று டாக்டரம்மா ஒரு நோட்டைக் கொடுத்தார். முதல் வாரம் வரைந்த ரொட்டி செருப்பு மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு நாள் விட்டும் போனது. பிறகு முற்றம் பெருக்குமுன் ஒரு படம் என்று பழகிவிட்டாள். தினமும் அதே ரொட்டிதான். கடைசியில் பல் தடங்களைக்கூட எண்ணி வரைந்தாள்.

"இங்க பாருங்க," என்று நோட்டை நீட்டினாள். "வெள்ளிக்கிழமை படத்துல நாலு பல் தடம் வரிசையா இருக்கு. இன்னைக்கு நடுவுல ஒண்ணைக் காணோம்."

"நீ தப்பா வரைஞ்சிருப்ப."

"நாப்பது நாளா வரையுறேன், எனக்குத் தெரியாதா? சனி, ஞாயிறு நாம கல்யாணத்துக்குப் போயிட்டோம். கோழிக்குத் தீனி போடச் சாவி இந்தப் பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட இருந்துச்சு. வேற யாரு வருவா? பையனுக்குத்தாங்க ஏதோ ஆயிருக்கு. பல் உடைஞ்சிருக்கு. அதைத்தான் ரொட்டி காட்டுது."

"பல்லோட போச்சேன்னு நினைச்சுக்க."

"வாயைக் கழுவுங்க. நாலு நாளா அவன் போனை எடுக்கல. சாரத்துலருந்து கீழ விழுந்தானோ, எவனாவது அடிச்சானோ..."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. திரையில் ஜவ்லோன்.

"அம்மா, பழைய போன் சிமெண்ட் வாளியில விழுந்துருச்சு. இன்னைக்குத்தான் புதுசு..."

"பல்லைக் காட்டுடா."

"எதுக்கும்மா?"

"காட்டுன்னா காட்டு."

காட்டினான். ஒன்றுகூடக் குறையவில்லை. ஹோசியத் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். பேசி முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் நோட்டைப் பார்த்தாள்.

"அப்போ இது யாரு பல்லு?"

ஷோத்மோன் ஆவென்று வாயைத் திறந்தார். மேல்வரிசை முழுக்கத் தங்கப் பல். இடுக்கே இல்லை.

அவள் பார்வை என் பக்கம் திரும்பியது.

"எலியா இருக்கும் தங்கச்சி," என்றேன், கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்காமலே.

நான் சாத்த மறந்த கதவு வழியாகப் போன அவர்கள் வீட்டுக் கோழிகள், ரொட்டி தொங்கிய ஆணி உயரம் பறக்கும் என்று சனிக்கிழமைதான் தெரிந்தது. அவை கொத்தித் தின்றதற்குப் பதிலாக அதே மாதிரி புது ரொட்டி வாங்கி, ஒரு வாய் கடித்து மாட்டிய எனக்கு, மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது.