களிம்பின் மறுபக்கம்

அமெரிக்காவின் டூசான் நகரில் லொரெட்டா வீட்டு நீச்சல் குளம் நாளுக்கு இரண்டு அங்குலம் வற்றியது. ஒழுக்கு அடைக்க வந்த வெண்டல் நீருக்குள் மூழ்கி, சுவர் விரிசலருகே சிவப்புச் சாயம் விட்டான். விரிசல் அதை உறிஞ்சியது. அடைப்புக் களிம்பைத் திணித்து, தழும்புள்ள தன் கட்டைவிரலால் அழுத்தினான்.

மறுநாள், கல்லாய் இறுகிய அந்தக் களிம்பை லொரெட்டா அவன் காலடியில் வீசினாள்.

"குளத்துப் படியில கெடந்துச்சு. வேலை தெரியலைன்னா வேற பொழப்பு பாருய்யா."

களிம்பில் அவன் ரேகையும் தழும்பும் பதிந்திருந்தன. திருப்பினான். சுவருக்குள் இருந்த பக்கத்திலும் அவன் ரேகைதான். ஆனால் தழும்பு இரண்டு.

"உள்ள இருந்து யாரோ தள்ளியிருக்காங்கம்மா."

"உள்ள வெறும் மண்ணுதான் இருக்கு. கதை விடாம இறங்கு."

மூழ்கினான். புதுக் களிம்பை அழுத்துகையில் டைல்ஸ் விளிம்பு கட்டைவிரலைக் கிழித்தது, பழைய தழும்பின் பக்கத்திலேயே. ரத்தம் நீரில் கலையாமல் நேராக விரிசலுக்குள் போனது.