முன்பலகை

வெயில் சாயும் நேரம். பழைய துறைமுகப் பாலத்துக்கு வெளியே, பாலகுரு தன் சின்னப் படகின் பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் முன்பாயின் கயிற்றையும் தானொருவனே பிடித்திருக்கிறான். பாயின் ஓரம் படபடவென்று அடிக்கிறது. படகு போகாமல் நின்ற இடத்திலேயே ஆடுகிறது. கட்டுமரத்தில் கரைக்குத் திரும்பும் தாய்மாமன் ராமலிங்கம், "ஏன்டா மாப்ள, காத்து சும்மா போவுது பாரு, கயித்த இழுடா! தனியா ஓட்டத் தெரியலன்னா வித்துட்டுப் போ!" என்கிறார். "அண்ணன் சொல்லட்டும்னு இருந்தேன் மாமா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிக்கிறான். அண்ணன் சக்கரபாணி, ஊரில் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டு, போன மாசமே அந்த நாட்டுக்குக் கப்பலேறிவிட்டான். பத்து வருஷமாகப் பாயைப் பார்த்தது சுக்கான் பிடித்த அந்த அண்ணன்தான். முன்பலகையில் உட்கார்ந்த தம்பி அவன் குரலுக்குக் கயிறு இழுத்தானே தவிர, நிமிர்ந்து பாயைப் பார்த்ததில்லை. ராமலிங்கம் சிரிக்கவில்லை. "பாயப் பாருடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடுப்பு போடுகிறார். பாலகுரு நிமிர்ந்து பார்க்கிறான். கயிற்றை ஒரு பிடி இழுக்கிறான். பாயின் படபடப்பு பாதி அடங்குகிறது. "இன்னும் ஒரு பிடி... போதும், கட்டு." அண்ணன் சொல்லும் அதே வார்த்தை, இப்போது அவன் வாயிலிருந்தே வருகிறது. பாய் ஓசையில்லாமல் புடைக்க, படகு சாய்ந்து ஓடுகிறது. "சரிண்ணே" என்று சொல்ல, முன்பலகையில்தான் யாருமில்லை.