நாற்பத்திரண்டாம் பக்கம்

கையெழுத்து வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள்.

கையில் அவருடைய நாவல். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை அவர் கையாலேயே கோடு போட்டு அடிக்க வைக்காமல் கரடியூருக்குத் திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தேன்.

என் மகள் கவிப்பிரியா சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். லைப்ரரியிலிருந்து அவள்தான் கொண்டுவந்தாள். நம்ம மலை வருதும்மா என்றாள். இரண்டே நாளில் படித்து முடித்தேன். அடுப்பில் களி அடிப்பிடித்துப் போனது. வயிறும் எரிந்தது.

கதை இதுதான். ஒருவன் உண்மையைத் தேடி வீட்டை விட்டுப் போகிறான். சேர்வராயன் கோயில் குகைக்குள் நுழைந்து, காவிரி பிறக்கிற இடத்தில் வெளியே வருகிறான். அப்புறம் சித்தர்கள், வேதாந்தம், இமயமலை என்று முந்நூறு பக்கம். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று எங்கள் மலையில் எல்லோரும் சொல்வார்கள்தான். ஆனால் வீட்டை விட்டு ஓடுகிறவன் மலையிறங்குகிற குப்பனூர் பஸ்ஸில்தான் ஏறுவான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

சற்று முன்னால் இதே லாட்ஜ் ஹாலில் அவர் பேசினார். நரைத்த தாடி, காவித் துண்டு. காட்டில் தூங்கிக்கொண்டிருந்த தமயந்தியை விட்டுவிட்டுப் போனானே நளன், அந்தப் பாவத்தைத் தன் நாயகன் செய்யவில்லையாம். சொல்லிக்கொண்டுதான் போகிறானாம்.

ஆமாம், அந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். விடிகாலையில் மனைவி எழுந்து வருகிறாள். அவன் நெற்றியில் திருநீறு பூசுகிறாள். நமக்குத்தான் பிள்ளைகுட்டி இல்லையே, நிம்மதியாகப் போய் வாருங்கள் என்கிறாள். அதற்கப்புறம் அவள் கதையிலேயே இல்லை. என்ன தின்றாள், எப்படிப் பிழைத்தாள், ஒரு வரி கிடையாது.

கூட்டம் கை தட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு முன்னால் நின்ற டீச்சரம்மா திரும்பி, "அந்தப் பொண்டாட்டிதாங்க நெசமான ஞானி. என்ன மனசுங்க அது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞானியாம். மண்ணாங்கட்டி.

எங்கள் பக்கம் உப்பு வாங்கக் கடைக்குப் போகிறவன்கூட, வாசலில் நின்று போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். இவருடைய ஆளுக்கு ஞானமும் வேண்டும், பாவமும் ஒட்டக் கூடாது. அதற்கு ஒருத்தி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து திருநீறு பூச வேண்டுமாக்கும்!

டீச்சரம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். என் முறை வந்தது.

அவர் நிமிரவில்லை. பேனாவைத் திறந்து, யார் பெயருக்கு என்று கேட்டார்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். இதை அடிங்க என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பின்னால் வரிசை சலசலத்தது.

"ஏம்மா, எல்லாத்துக்கும் நொம்பப் புடிச்ச பக்கமாச்சுங்களே" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். மேடையில் பேசிய தமிழ் இது இல்லை.

என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்கு நான் எந்திரிக்கவே இல்லீங்க. கவிப்பிரியாவுக்குப் பால் குடுத்துட்டு அசந்து தூங்கிட்டுத்தான் கெடந்தேன்."