நாலு ஜோடிக் கடுக்கன்

"ஊசியைக் கீழ வைங்க ஆசாரி. இந்தப் பிள்ளைக்குக் காது குத்தக் கூடாது."

மார்க்கையன்கோட்டைக் கோயில் வாசலில் கூடியிருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மிஷன் ஆஸ்பத்திரி பிலோமினா டாக்டர். சின்னமனூர் வரைக்கும் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் குலுங்கி வந்து, அங்கிருந்து வயல் வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. காதுகுத்து என்று யாரோ ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். யார் என்று விசாரிக்கக்கூட அவள் நிற்கவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனமும், வாய் கொள்ளாத வாழைப்பழமுமாக, பெரிய மாமன் ராக்கையாவின் மடியில் உட்கார்ந்திருந்தான் சின்னக்கருப்பு. நாலு தாய்மாமன்கள் அவனுக்கு. யார் மடியில் வைத்துக் குத்துவது என்று காலையிலிருந்தே மல்லுக்கட்டு. கடைசியில் மூத்தவன் ஜெயித்திருந்தான்.

"நல்ல நேரத்துல வந்து என்ன பேச்சும்மா இது?" என்று முந்தானையை இழுத்துச் செருகினாள் கஸ்தூரியம்மாள். பிள்ளையின் அப்பன் தங்கபாண்டியைப் பெற்றவள்.

"போன மாசம் இவனுக்கு உதடு கிழிஞ்சுச்சே, ரத்தம் நிக்க எம்புட்டு நாள் ஆச்சுன்னு உங்க மருமகளைக் கேளுங்க. இவன் ரத்தம் உறையாது. காதுல ஓட்டை போட்டா பிள்ளை பிழைக்கமாட்டான்."

மருமகள் ராமுத்தாய் தூணோரம் நின்றாள்.

டாக்டருக்குப் போன மாசம் ஆஸ்பத்திரியில் நடந்தது நினைவுக்கு வந்தது. பிள்ளையின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் இளநீர் மாதிரி உறையாமல் கிடந்தது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து ராமுத்தாயைப் பார்க்கச் சொன்னாள். வட்டம் வட்டமாக எண்ணி மாளாத அணுக்கள்.

"இம்புட்டும் ஒரு சொட்டுலயா?" என்று வாய் பிளந்தவள், சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "இதுல இவன் யாரு எவருன்னு எல்லாந் தெரிஞ்சிருமா டாக்டரம்மா?"

"இன்னைக்குத் தெரியாது. ஒருநாள் தெரியும்."

நோய் தாய்வழியில் வருவது என்று சொன்னபோது மட்டும், "பெத்தவ வழியாத்தானா? கண்டிப்பாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தன்னால்தான் வந்ததோ என்று பதறுகிறாள் பாவம், என்று டாக்டர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டருக்கே அதை நினைத்தால் இன்றைக்கும் மெய் சிலிர்க்கும். அந்த அணுக்களில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, தாயை ஒன்றும் செய்யாமல் அவளுக்குள்ளேயே ஒளிந்து வந்து, அவள் வயிற்றில் பிறக்கும் பையனைப் பிடித்துக்கொள்கிறது. இதே ஆராய்ச்சிக்காக எத்தனையோ வீடு ஏறி இறங்கிவிட்டாள்.

அதைத்தான் இங்கேயும் சொன்னாள். "பிள்ளையைப் பெத்தவளோட கூடப்பொறந்தவுக யாருக்காச்சும் இது இருக்கும். தாய்மாமனைப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிரும்."

ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். எல்லார் கண்ணும் நாலு மாமன்மார் மேலே போனது. எட்டுக் காதிலும் கடுக்கன் மின்னியது.

கஸ்தூரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாப் பாருங்க டாக்டரம்மா. அம்புட்டுப் பேரும் காது குத்துனவுகதான். இளையவன் தொடையில மாடு குத்திக் கிழிச்சுச்சு, மறுவாரமே ஏர் பூட்டப் போயிட்டான். இவுக ஆத்தா கூடப்பொறந்தவுகளும் பல்லுப் போற வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாக. அப்ப உங்க படிப்பு பொய்யா, இவன் நோய் பொய்யா?"

டாக்டர் மாமன்மார் கிட்டே போனாள். அந்த நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தன் உடம்பிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"எங்கயாச்சும்... தாய்வழியில இல்லாமப் புதுசாவும் முளைக்கலாம்." சொல்லும்போதே குரலில் சுருதி இறங்கிவிட்டது.

"முளைக்கலாமா, முளைச்சிருச்சா? ஒண்ணைச் சொல்லுங்க. உங்களுக்கே நிச்சயமில்ல. சாமி குத்தத்தை மட்டும் நாங்க சுமக்கணுமாக்கும்."

தங்கபாண்டி அதுவரைக்கும் தாயையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. "குத்துங்க ஆசாரி" என்றான்.

ராக்கையா மருமகனின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "பிள்ளையை விடுங்கய்யா" என்று முன்னால் வந்த டாக்டரைப் பெண்கள் நாலு பேர் மறித்துக்கொண்டார்கள். ஆசாரி சின்னக் காதை விரலால் நீவி, ஊசியைக் கொண்டுபோனார்.

தூணோரம் நின்றவள் எப்படி வந்தாள் என்றே தெரியவில்லை. ஆசாரியின் கையைத் தட்டிவிட்டு, பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள் ராமுத்தாய். புருஷனையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. ஏதோ அருள்வாக்கு சொன்னவளைப் பார்ப்பதுபோல டாக்டரையே பார்த்தாள்.

"உங்க படிப்பு பொய்யில்ல டாக்டரம்மா. உங்களுக்கு ஆள் விட்டதும் நாந்தான். என் வயித்துல வந்தது பொறந்த அன்னைக்கே போயிருச்சு. இவன், எங்க ஆத்தா வீட்டுக்குப் பக்கத்துல அதே நாள் பிரசவத்துல செத்துப்போன மொக்கம்மா பெத்த பிள்ளை. அவ தம்பிமாரு ரெண்டு பேரும் காது குத்துன புண்ணுல, ரத்தம் நிக்காமத்தான் செத்தானுக."