செவ்வாய்க்கிழமை ரத்தம்

“அந்த ஆளுக்குக் கொஞ்சம்கூட ரோஷமே கிடையாதா?” என்றார் டாக்டரம்மா.

“என்ன மேடம் பண்றது? வாராவாரம் கையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு” என்றாள் ரிசப்ஷன் அக்கா.

டாக்டரம்மா அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவராக வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று செவ்வாயும் அதே காட்சி. காலை எட்டரைக்கு எலக்ட்ரீஷியன் வருவார். டெஸ்டர் செருகிய சட்டைப் பையோடு நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டுவார். டெக்னீஷியன் ரத்தம் எடுப்பாள்.

“இறுக்கிக் கட்டிட்டேனா?”

“இல்ல.”

“பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க.”

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ரத்தம் நின்ற பிறகும் பஞ்சைப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார்.

அவர்கள் புருஷன் பொண்டாட்டி என்று அக்கா சொன்னது இன்றைக்குத்தான்.

“பிரிஞ்சு மூணு வருஷமாச்சு மேடம். அந்த மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாரு. செவுத்தோட குடும்பம் நடத்த முடியாதுன்னு இவ கிளம்பி ஹாஸ்டலுக்கு வந்துட்டா. அவரு இன்னும் விட்ட பாடில்ல.”

ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் எல்லாம் பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்களைச் சாயம் போட்டுப் பிடித்து, இது இந்த வகை, அது அந்த வகை, எது எத்தனை என்று பிரித்துச் சொல்வதுதான் அங்கே வேலை. அதற்கு முன்னால், ‘கன்ட்ரோல்’ என்று நோய்நொடி இல்லாத ஒருவரின் ரத்தத்தை மெஷினில் ஓட்டிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை வழக்கம்போல வந்தால் மெஷின் சரி. அந்த ஒருவர்தான் இந்த எலக்ட்ரீஷியன்.

“அணுவையே மூஞ்சி பார்த்துப் பிரிக்கிறவ நான். ஒரு ஆம்பளையைத் தெரியாதா? நான் பேசிக்கிறேன்” என்றார் டாக்டரம்மா.

மாடிப்படி ஓரம், ஏணியில் நின்று ட்யூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன். கூப்பிட்டதும் இறங்கி வந்தார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வர வேண்டாம். தயார் ரத்தம் பாட்டில்ல கிடைக்குது. அதை வாங்கிக்கிறோம்.”

“மேடம், அது வந்து...”

“எனக்கு எல்லாம் தெரியும். விட்டுட்டுப் போனவங்களை நிம்மதியா வேலை பார்க்க விடுங்க.”

அவர் கையிலிருந்த பழைய ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க மேடம்” என்றார். இரண்டு படி ஏறியவர் நின்று, “நல்லாக் குத்துவாங்க மேடம். வலிக்கவே வலிக்காது” என்றார்.

அடுத்த செவ்வாய். எட்டரை ஆனது. டெக்னீஷியன் குழாயில் சீட்டு ஒட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். எட்டே முக்கால். ஒன்பது. நோயாளிகளின் ரத்தம் நிரப்பிய குழாய்கள் வரிசையாகக் காத்திருந்தன.

“ஏம்மா இன்னும் ஆரம்பிக்கலை?”

“கன்ட்ரோல் ரத்தம் வரலை மேடம்.”

“வராது. நான்தான் அவரை வர வேண்டாம்னுட்டேன். இனிமே உனக்கு அந்தத் தொல்லை இல்ல.”

அவள் சீட்டு ஒட்டிய குழாயை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, “உடம்புதான் ஏதோ முடியலையோன்னு பயந்துட்டேன்” என்றாள்.

“பாட்டில் வர்ற வரைக்கும் என் கையில எடு.”

கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பு பிடிப்பவள் என்று பெயர் எடுத்தவள். அன்று முதல் குத்து தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவதில்தான் ரத்தம் வந்தது.

“ஸாரி மேடம்.”

“பரவால்ல விடு.”

மெஷின் ஓடியது. திரையில் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நின்றன.

“எண்ணிக்கை சரியா வந்திருக்கா?”

“சரியாத்தான் வந்திருக்கு மேடம்.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள். “ஆனா, வேற ஆளோடது.”

டாக்டரம்மாவுக்கு அந்தக் குரல் என்னவோபோல் இருந்தது. தன் அறைக்குப் போய், பாட்டிலுக்கு எழுதிப் போடலாம் என்று பழைய ஃபைலைப் பிரித்தார். நடுவில் மூன்று வருஷத்துக்கு முந்தைய கடிதம் ஒன்று இருந்தது.

‘பாட்டிலில் வரும் தயார் ரத்தம் நம் மெஷினுக்குச் சரிப்படவில்லை. வாரந்தோறும் ஒரே ஆளின் புது ரத்தம் தேவைப்படுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் எலக்ட்ரீஷியனை அனுப்பிவைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

கீழே டெக்னீஷியனின் கையெழுத்து.

அவராகவா வந்தார்? இவளல்லவா வரவழைத்திருக்கிறாள்!

கடிதத்தின் ஓரத்தில் முன்பிருந்த தலைமை டாக்டர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘பாட்டில் நன்றாகவே வேலை செய்கிறது. நானே ஓட்டிப் பார்த்தேன். இருந்தாலும், அனுமதி.’

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு போனை எடுத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார்.

“அடுத்த செவ்வாய் எட்டரைக்கு வந்துடுங்க.”



“பாட்டில் வாங்கப்போறதாச் சொன்னீங்களே மேடம்?”

“அதுவா?” டாக்டரம்மா கடிதத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். “அது நம்ம மெஷினுக்குச் சரிப்படாதுங்க.”